சர்க்கரைப் புண்ணுக்கு என்ன தடவலாம் என்று கேட்பதற்கு முன்

வீட்டில் சர்க்கரை உள்ள ஒருவருக்குக் காலில் புண் வந்தால் போதும், பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு வைத்தியம் இருக்கும். மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசு, காபித்தூளை வைத்து அழுத்து, தேன் தடவு, மருந்துக் கடையில் அந்த ஆயின்மென்ட்டைக் கேள், எங்க சித்தப்பாவுக்கு ஒரே வாரத்தில் ஆறிடுச்சு. ஆளுக்கு ஒன்று சொன்னாலும் எல்லோரும் பதில் சொல்வது ஒரே கேள்விக்குத்தான்: மேலே என்ன தடவுவது? இப்படி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தே மாதம் ஓடிப்போய், விரலை எடுக்க வேண்டும் என்கிற கட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் ஏராளம்.

தடவும் மருந்துகள் வீண் என்று சொல்ல வரவில்லை. சில மருந்துகள் உண்மையிலேயே வேலை செய்கின்றன, நல்ல ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் அவை எந்தப் புண்ணில் வேலை செய்யும், எதில் செய்யாது என்பதுதான் வெளியே யாருக்கும் சரியாகப் போய்ச் சேரவில்லை. நீரிழிவு உள்ளவர்களில் 19 முதல் 34 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பாதத்தில் புண் வரலாம் என்கிறது மருத்துவ மதிப்பீடு. நம் தெருவிலேயே இரண்டு பேருக்காவது இது பயன்படும் விஷயம், அதனால் பொறுமையாகப் பார்ப்போம்.

புண் எப்படி ஆறுகிறது?

காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால் முதலில் ரத்தம் உறைந்து நிற்கிறது. அப்புறம் வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன. அவற்றில் மேக்ரோஃபேஜ் என்று ஒரு வகை உண்டு. கிருமிகளையும் செத்துப்போன திசுவையும் விழுங்கித் துப்புரவு செய்கிற அணு அது. துப்புரவு முடிந்ததும் இதே மேக்ரோஃபேஜ் குணம் மாறி, கட்டுமான வேலையைத் தொடங்கச் சொல்லி மற்ற செல்களுக்குத் தகவல் அனுப்பும். அந்தத் தகவலைச் சுமந்து போகிற புரதங்களுக்குத்தான் குரோத் ஃபாக்டர் என்று பெயர். தகவல் கிடைத்ததும் பொடி ரத்தக்குழாய்கள் முளைக்கும், கொலாஜன் என்கிற நார்ப்புரதம் படியும், செக்கச்செவேல் என்று குருணை குருணையாகப் புதுச்சதை மேலே எழும்பும். கடைசியாக, ஓரத்தில் இருக்கும் தோல் செல்கள் அந்தச் சதையின் மேல் ஊர்ந்து வந்து மூடிவிடும்.

சர்க்கரைப் புண்ணில் இந்த வரிசை நடுவில் சிக்கிக்கொள்கிறது. மேக்ரோஃபேஜ்கள் துப்புரவு வேலையிலேயே நின்றுவிடுகின்றன, கட்டுமானத்துக்கு மாறுவதில்லை. பழைய திசுவைக் கரைப்பதற்காக உடல் சுரக்கும் புரோட்டியேஸ் என்ற நொதிகள் அளவுக்கு மீறிப் பெருகி, புதிதாகப் போடுகிற கொலாஜனையும் அனுப்பிய குரோத் ஃபாக்டரையும் சேர்த்தே அரித்துவிடுகின்றன. பார்வைக்குப் புண் அப்படியே இருக்கும். உள்ளே தினமும் கட்டுவதும் தினமும் இடிவதுமாக இருக்கும்.

இதுவரை சொன்னதன் சாரம்: சாதாரணப் புண் துப்புரவிலிருந்து கட்டுமானத்துக்கு நகர்கிறது, சர்க்கரைப் புண் துப்புரவிலேயே தேங்கிவிடுகிறது. நவீனமான தடவும் மருந்துகள் எல்லாம் இந்தத் தேக்கத்தை உடைக்கத்தான் பார்க்கின்றன.

உரம் மட்டும் போட்டால் விளையுமா?

ஒரு வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, அறுத்த தாள் அப்படியே கிடக்கிறது, நாற்றைப் பூச்சி தின்கிறது, போதாததற்குத் தினமும் மாடு புகுந்து மிதித்துவிட்டுப் போகிறது. அந்த வயலுக்கு விலை உயர்ந்த உரம் வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? புண்ணில் தடவும் மருந்து அந்த உரம்தான். தண்ணீர் என்பது ரத்த ஓட்டம், தாள் என்பது செத்த திசு, பூச்சி என்பது கிருமித்தொற்று, மாடு மிதிப்பது என்பது நடக்கும்போது புண்மேல் விழுகிற எடை. இந்த நான்கையும் சரிசெய்யாத புண்ணில் எந்த ஆயின்மென்ட்டும் எடுபடாது. சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவருவது எல்லாவற்றுக்கும் அடிப்படை, அதற்காகக் கொஞ்ச நாள் இன்சுலின் போடச் சொன்னால் தயங்க வேண்டாம்.

வலிக்காததுதான் ஆபத்து

நான்கில் அதிகம் கவனிக்கப்படாதது எடை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் மங்கிவிடும். இதற்கு நியூரோபதி என்று பெயர். செருப்புக்குள் கல் இருந்தாலும் தெரியாது, சுடுமணலில் நடந்தாலும் தெரியாது. ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து விழுந்து அங்கே தோல் தடிக்கும், அந்தத் தடித்த தோலே உள்சதையை மேலும் அழுத்தும். கால் சிகிச்சை நிபுணர் அந்தத் தடிப்பை பிளேடால் மெல்லிய சீவல்களாக எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். மேலே மஞ்சளாகக் காய்ந்த தோல், நாலைந்து சீவலுக்கு அப்புறம் கருஞ்சிவப்பாக ஒரு பொட்டு. அது உள்ளே கசிந்து உறைந்த ரத்தம். இன்னும் ஒரு சீவல் எடுத்தால் அடியில் குழியாகப் புண். காலுக்குரியவர் இவ்வளவும் நடக்கும்போது முகம் சுளிக்காமல் பேசிக்கொண்டிருப்பார், அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

இந்த வலியின்மைதான் காலை அழிக்கிறது என்பதை உலகத்துக்கு எடுத்துக்காட்டிய வேலையில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914ல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் தேய்கின்றன என்று அங்கே கண்டறிந்தார். 1966ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் மருத்துவமனைக்குப் போன பிறகு, நீரிழிவுக் கால்களுக்கும் இதே கதைதான் என்று காட்டினார். முழங்காலுக்குக் கீழே பாதத்தோடு ஒட்டினாற்போல் மாவுக்கட்டு போட்டு, புண்ணின் மேல் விழுகிற எடையைக் கால் முழுக்கப் பரவச் செய்கிற முறை அங்கிருந்துதான் நீரிழிவுச் சிகிச்சையில் பரவியது. உள்ளங்கால் புண்ணுக்கு இன்றும் முதலில் பரிந்துரைக்கப்படுவது, நோயாளியே கழற்ற முடியாத இந்த மாதிரிக் கட்டு அல்லது பூட்ஸ்தான்.

ஏன் கழற்ற முடியாததாக இருக்க வேண்டும்? 2003ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், கழற்றி மாட்டும் பூட்ஸ் கொடுக்கப்பட்டவர்கள் தாங்கள் ஒரு நாளில் நடந்த அடிகளில் 28 சதவீதத்தை மட்டுமே அதைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்கள். வெளியே போகும்போது போடுவார்கள், வீட்டுக்குள் சும்மா நாலு எட்டுதானே என்று கழற்றிவிடுவார்கள். அந்த நாலு எட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் அதுதான் பெரும்பகுதி. புண் உள்ளவரிடம் நடக்காதீர்கள் என்று சொன்னால் மட்டும் போதாது, கழிவறைக்குப் போய் வருகிற நடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் ஊரில் பலருக்கும் தெரிந்த எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு புண் வராமல் தடுக்க நல்லது, ஆனால் ஆழமான உள்ளங்கால் புண்ணை ஆற்ற அது மட்டும் பற்றாது.

தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது

பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்ப்பது முதல் படி. அடுத்து, கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்த அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.9க்குக் கீழே வந்தால் காலுக்குப் போகும் ரத்தம் குறைவு. நீரிழிவில் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிட்டால் இந்த எண் பொய்யாக நன்றாகத் தெரியும், அதனால் கால்விரலில் அழுத்தம் பார்ப்பது, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் என்று மேலே போவார்கள். அடைப்பு இருந்தால் பலூன் வைத்தோ பைபாஸ் செய்தோ ரத்தத்தைத் திறந்துவிட வேண்டும். ரத்தமே வராத இடத்தில் எதைத் தடவியும் பயனில்லை. ஆறாத புண் ஒருவருக்கு இருந்து இன்னும் யாரும் நாடி பார்க்கவில்லை என்றால், அடுத்த முறை வாய்விட்டுக் கேளுங்கள்.

செத்த திசுவை எடுப்பது

புண்ணில் உள்ள செத்த திசுவையும் சுற்றியுள்ள தடித்த தோலையும் வெட்டி அகற்றுவதை டிப்ரைட்மென்ட் என்பார்கள். பலருக்கும் இதில் பயம். சும்மா இருந்த புண்ணைக் கிளறிப் பெரிசாக்கிட்டாங்க என்று கோபப்படுவதையும் பார்க்கலாம். உண்மையில் புண்ணின் மேல் படிந்திருக்கும் சளிப்படலத்துக்குள் கிருமிகள் பசை மாதிரி ஒரு போர்வையை உண்டாக்கிக்கொண்டு கூட்டமாக வாழ்கின்றன, அந்தப் போர்வையை மருந்து எளிதில் துளைக்காது. இதற்குப் பெயர் பயோஃபிலிம். கத்திதான் அதற்குச் சரியான மருந்து.

1996ல் வெளியான ஓர் ஆய்வில், குரோத் ஃபாக்டர் ஜெல் தடவியவர்களையும் மருந்தில்லாத வெற்று ஜெல் தடவியவர்களையும் பல மையங்களில் ஒப்பிட்டார்கள். எந்த மையத்தில் டிப்ரைட்மென்ட் அடிக்கடி நடந்ததோ அங்கே இரண்டு தரப்பிலுமே புண் நன்றாக ஆறியது. அரைகுறையாக நடந்த இடத்தில் மருந்து தடவியும் பலன் குறைந்தது. ரத்த ஓட்டம் மோசமாக உள்ள காலில் மட்டும், வெட்டுவதற்கு முன் ரத்தக்குழாயைப் பார்க்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

ஆக எடையை இறக்குவது, ரத்தம் வரச் செய்வது, செத்ததை எடுப்பது, தொற்று இருந்தால் அடக்குவது. இந்த நான்கும் நடந்துகொண்டிருந்தால், இப்போது ஆயின்மென்ட் பற்றிப் பேசலாம்.

இனி தடவும் மருந்துகள்

முதலில் எல்லோர் வீட்டிலும் இருப்பவை. கிருமிநாசினிகள், அதாவது பீட்டாடின், ஹைட்ரஜன் பெராக்சைடு வகையறா. பெராக்சைடு ஊற்றினால் நுரை பொங்குவதைப் பார்த்துக் கிருமி சாகிறது என்று திருப்திப்படுகிறோம், ஆனால் அது கொலாஜன் போட வந்த செல்களையும் சேர்த்தே கொல்லும். பீட்டாடினுக்கு ஓர் இடம் உண்டு: தொற்று உள்ள புண்ணில் சில நாட்களுக்கு, அல்லது காய்ந்து கறுத்துப்போன விரலைக் காய்ந்தபடியே வைத்திருக்க. செக்கச்செவேல் என்று சுத்தமாக இருக்கிற புண்ணில் மாதக்கணக்கில் அதை ஊற்றிக்கொண்டே இருப்பதில் லாபமில்லை. கழுவ நார்மல் சலைன், அதாவது கிருமி நீக்கிய உப்புநீர் போதும்.

ஆன்டிபயாடிக் ஆயின்மென்ட் அடுத்தது. புண்ணிலிருந்து பஞ்சில் எடுத்துப் பரிசோதித்தால் எந்தப் புண்ணிலும் கிருமி முளைக்கும்; தோலில் கிருமி எப்போதும் இருக்கிறது. தொற்று என்று சொல்வதற்குச் சிவப்பு, சூடு, வீக்கம், வலி, சீழ் இவற்றில் குறைந்தது இரண்டு தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் தேவைப்படுவது மாத்திரையோ ஊசியோ, ஆயின்மென்ட் அதற்கு ஈடாகாது. தெரியாவிட்டால் எந்த ஆன்டிபயாடிக்கும் வேண்டாம்.

ஈரம் பற்றி ஒரு பழைய நம்பிக்கை: புண்ணைத் திறந்து போட்டுக் காய விட்டால் சீக்கிரம் ஆறும் என்று. 1962ல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் செய்த பரிசோதனையில், ஈரம் காயாமல் மூடி வைத்த காயத்தின் மேல் தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாக மூடியது. காய்ந்த பொருக்குக்கு அடியில் தோல் செல்கள் ஊர்ந்து போக வழி தேடித் தவிக்கும், ஈரத்தில் நேராகப் போகும். அதற்காக ஊற வைக்கவும் கூடாது. டிரஸ்ஸிங்கைப் பிரிக்கும்போது ஓரத்துத் தோல் வெளுத்துச் சுருங்கி, தொட்டால் கழன்று வருகிற மாதிரி இருந்தால் ஈரம் அதிகம், நீரை உறிஞ்சும் வகை டிரஸ்ஸிங்குக்கு மாற வேண்டும். வறண்டு காய்ந்திருந்தால் ஜெல் வகை.

தேன், ஃபெனிட்டாயின் பொடி, மூலிகை டிரஸ்ஸிங். ஃபெனிட்டாயின் வலிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஈறு தடித்து வளர்வதைப் பார்த்து, அப்படியானால் புண்ணிலும் சதை வளரும் என்று தூவத் தொடங்கினார்கள், நம் ஊரில் இன்றும் பல இடங்களில் இது வழக்கம். யோசனை புத்திசாலித்தனமானதுதான். ஆனால் கிடைத்த ஆய்வுகள் சிறியவை, தரம் போதாதவை. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழு 2023 வழிகாட்டுதலில், புண் ஆறுவதற்காக என்று ஃபெனிட்டாயின், தேன், மூலிகை டிரஸ்ஸிங் ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. காபித்தூள், மஞ்சள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? கிருமி நீக்காத பொடி அது. போதாததற்குப் புண்ணின் நிறத்தையே மறைத்துவிடும், கறுக்கிறதா சிவக்கிறதா என்று மருத்துவரால் பார்க்க முடியாது.

இப்போது உண்மையிலேயே வேலை செய்கிறவை. பெகாப்ளெர்மின் என்ற ஜெல்லுக்கு 1997ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ரத்தத் தட்டணுக்களில் இயல்பாகவே இருக்கிற ஒரு குரோத் ஃபாக்டரை ஈஸ்டில் தயாரித்து ஜெல்லாக்கியது. 20 வாரத்தில் ஜெல் தடவியவர்களில் 50 சதவீதத்தினருக்கும் வெற்று ஜெல் தடவியவர்களில் 35 சதவீதத்தினருக்கும் புண் முழுதாக மூடியது. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். மருந்து கூடுதலாகத் தந்தது 15 சதவீதம். மருந்தே இல்லாமல், நல்ல கவனிப்பில் மட்டும் ஆறியது 35 சதவீதம். இந்தியாவில் வேறொரு குரோத் ஃபாக்டரின் ஜெல் கிடைக்கிறது. விலை கூடுதல் என்பதால், ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று தெரியாமல் வாங்கித் தடவுவது பணத்துக்குக் கேடு.

சுக்ரோஸ் ஆக்டசல்ஃபேட் சேர்த்த டிரஸ்ஸிங் இன்னொன்று. மேலே சொன்ன அந்த அரிக்கும் நொதிகளை இது அடக்குகிறது. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 240 பேரிடம் நடந்து 2018ல் வெளியான ஆய்வில், 20 வாரத்தில் இதைக் கட்டியவர்களில் 48 சதவீதத்தினருக்கும் சாதாரண டிரஸ்ஸிங் கட்டியவர்களில் 30 சதவீதத்தினருக்கும் ஆறியது. ரத்த ஓட்டம் ஓரளவு குறைந்த புண்களில் கிடைத்த முடிவு என்பது இதன் சிறப்பு. பணிக்குழுவின் வழிகாட்டுதலும் நல்ல கவனிப்புக்குப் பிறகும் ஆறாத அந்த வகைப் புண்ணுக்கு இதை யோசிக்கலாம் என்கிறது. பெயரில் சுக்ரோஸ் இருக்கிறதே என்று சமையலறைச் சர்க்கரையைத் தூவிவிடாதீர்கள், இரண்டும் வேறு.

கற்பூரவல்லியும் வல்லாரையும்

இது நம் ஆட்களுக்கு உடனே பிடித்துப்போகும் செய்தி, அதனாலேயே கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டியது. தைவானில் உருவாக்கப்பட்ட ஓஎன்101 என்ற கிரீம், கற்பூரவல்லி, வல்லாரை இரண்டிலிருந்தும் பிரித்தெடுத்த சாரங்களால் ஆனது. துப்புரவிலேயே நின்றுவிட்ட மேக்ரோஃபேஜை கட்டுமான வேலைக்குத் திருப்புவதுதான் இதன் வேலை. அமெரிக்கா, சீனா, தைவானில் 236 பேரிடம் சோதித்து 2021ல் முடிவை வெளியிட்டார்கள்: 16 வாரத்தில் கிரீம் தடவியவர்களில் 60.7 சதவீதத்தினருக்கும், நீரை உறிஞ்சும் டிரஸ்ஸிங் கட்டியவர்களில் 35.1 சதவீதத்தினருக்கும் முழுதாக ஆறியது. தைவானில் ஒப்புதலும் கிடைத்தது.

கேட்டவுடன் தொட்டியில் வளரும் கற்பூரவல்லியைப் பறித்து அரைக்கத் தோன்றும். வேண்டாம். அந்த கிரீமில் இருப்பது இலையின் குறிப்பிட்ட ஒரு பகுதிச் சாரம், அளவு நிர்ணயித்து, கிருமியில்லாத முறையில் தயாரித்தது. அம்மியில் அரைத்த பச்சிலையில் அந்தச் சாரம் எவ்வளவு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, கூடவே மண்ணும் கிருமியும் இருக்கும். நம் கொல்லையில் வளர்கிற செடிக்கு ஆய்வில் மதிப்பு கிடைத்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்த மதிப்பு முறையான சோதனையால் வந்தது, அரைத்துப் பூசினால் அது நம் கைக்கு வந்துவிடாது.

நான்கு வாரக் கணக்கு

எந்த மருந்தாக இருந்தாலும் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. முதல் நாளே புண்ணின் நீள அகலத்தை அளந்து பெருக்கி எழுதி வையுங்கள், பக்கத்தில் ஸ்கேல் வைத்து போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகியிருக்க வேண்டும். 2003ல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வாரத்தில் ஏறக்குறைய பாதிக்கு மேல் சுருங்கிய புண்களில் 58 சதவீதம் 12 வாரத்துக்குள் ஆறின. அவ்வளவு சுருங்காதவற்றில் ஆறியது 9 சதவீதம்தான். அதாவது நான்கு வாரத்தில் பாதியாகவில்லை என்றால் ஆயின்மென்ட்டை மாற்றுவதற்கு முன் பழைய நான்கு கேள்விகளுக்குத் திரும்பிப் போக வேண்டும்: எடை, ரத்தம், செத்த திசு, தொற்று. எலும்புக்குள் தொற்று போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தும் பார்ப்பார்கள்.

காத்திருக்கவே கூடாத நிலைமைகளும் உண்டு. சிவப்பு புண்ணைத் தாண்டிப் பரவுவது, காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம், கெட்ட வாடை, விரல் கறுப்பது, காரணமில்லாமல் சர்க்கரை எகிறுவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகிச் சிவந்து வீங்கினாலும் அதே அவசரம்தான், பாத எலும்புகள் உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

ஆறிய பிறகு

புண் மூடிய ஒரு வருடத்துக்குள் சுமார் 40 சதவீதம் பேருக்கு மறுபடி வருகிறது. நரம்பும் ரத்தக்குழாயும் பழையபடி ஆகிவிடவில்லை என்பதால் இதில் ஆச்சரியமில்லை. இந்தக் கட்டத்தில் தடவ வேண்டியது ஒன்றே ஒன்று: வெடிப்பு வராமல் இருக்க, குதிகாலிலும் பாதத்தின் மேலும் கீழும் ஈரப்பதம் காக்கும் கிரீம். விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். தோல் மறுபடி தடித்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் கால் ஆணி பிளாஸ்திரியை ஒட்டாதீர்கள், அதில் உள்ள சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் சேர்த்தே அரித்துப் புண்ணாக்கும், உங்களுக்கு வலிக்கவும் வலிக்காது. தடிப்பைச் சீவி எடுக்க மருத்துவரிடமே போங்கள், போகும்போது தினமும் போடுகிற செருப்பையும் எடுத்துப்போய் உள்ளே எங்கே தேய்ந்திருக்கிறது என்று காட்டுங்கள்.